லண்டனிலிருந்து வந்த கல்குலேற்றர்

கடையில் என் இடத்துக்கு வந்த பிள்ளைகளே, எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று "நாலு வார்த்தை சொல்லுங்கோ மாமி" என்று கேட்டீர்கள். நான் எழுந்து நின்றேன். கேக்கைப் பார்த்தேன், கடைக்கார அம்மா சிஞ்ஞோராவைப் பார்த்தேன், "எல்லாரும் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். சொல்ல நினைத்தது எல்லாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது. முருகன் எனக்கு வாயைத் தந்தான், அதை எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்ற புத்தியைக் கொஞ்சம் குறைத்துத் தந்துவிட்டான். அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது கொஞ்சம். பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

சீசாப் பகுதியில் பஸ் திரும்புகிற முடக்கில் இருக்கிற நம்முடைய கடையில், கொப்பியும் பேனாவும் பள்ளிக்கூடப் பையும் கல்குலேற்றரும் விற்பதுதான் தொழில். நிலம் துடைக்க வந்தவள் நான். ஒருநாள் கவுண்டருக்குப் பின்னால் ஆள் இல்லாமல் போக, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அங்கே போய் நின்றேன். பிறகு அங்கேயே நரைத்தேன். சிஞ்ஞோரா கடைசி நாள்வரை அந்தத் துடைப்பத்தையும் என் கையிலிருந்து வாங்கவில்லை.

எந்தப் பொத்தானை அமத்தினால் என்ன வரும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது பெட்டிக்குள் இருக்கிற புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்களும் வாசிப்பதில்லை, விற்கிறவர்களும் வாசிப்பதில்லை. நான் சொல்ல வந்தது, பெட்டிக்கு வெளியே நிற்கிற மனிதரைப் பற்றி.

மே மாதம் பிறந்தால் நமக்குத் திருவிழா. பள்ளிக்கூடத்தை முடிக்கிற பெரிய பரீட்சை, இங்கே இத்தாலியில் மத்தூரிதா என்கிறார்கள், அது அடுத்த மாதம். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் இத்தாலியன், மறுநாள் கணக்கு. கணக்குக்கு, திரையில் தானே கோடு கீறிக் காட்டுகிற கிராப் கல்குலேற்றரைக் கொண்டுபோகலாம். கொண்டுபோகலாம் என்பதுதான் சட்டம். கொண்டுபோகாவிட்டால் பிள்ளையின் வாழ்க்கை முடிந்தது என்று வாசிப்பவர்கள் தாய் தகப்பன்மார்.

அந்த நேரத்தில் வருகிற கூட்டத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. ஒருவர் இரண்டு கல்குலேற்றரை இரண்டு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்து, பாரம் கூடினதை வாங்கிக்கொண்டு போனார். பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற பழக்கம். மருந்துக்கடைக்கார மனிசி ஒருத்தி ஒரே மாதிரி இரண்டு வாங்கினா. ஏன் என்று கேட்டால், ஒன்று களைத்துப்போனால் மற்றது வேலை செய்யுமாம். நம்முடைய சனத்தில் ஒரு தாய் பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்கிப் பார்த்தா. தண்ணீர்ச் சத்தம் கேட்டிருந்தால் வாங்கியிருப்பா என்று நினைக்கிறேன்.

சிரிக்கலாம். ஆனால் கடையைப் பூட்டின பிறகு சிரியுங்கள். இவர்கள் கல்குலேற்றர் வாங்க வரவில்லை. பயத்தைக் கொண்டுவந்து நம்முடைய மேசையில் வைத்துவிட்டுப் போக வருகிறார்கள். அந்தப் பயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பெட்டி கேட்பார்கள்.

சிஞ்ஞோரா தன்னால் முடிந்ததைச் செய்தா. அட்சரகணிதத்தைத் தானே செய்து எழுத்தோடு விடை தருகிற மெசின் பரீட்சைக்குக் கூடாது, இன்ரநெற் உள்ளதும் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டினா. எல்லோரும் அந்தத் தாளுக்கு முன்னால் வந்து நின்று, கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று என்னிடம் கேட்டார்கள்.

இனி சிவநேசனின் கதைக்கு வருகிறேன். சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அவருடைய மனிசி மங்கை, மாடிக் கட்டிடங்களில் படிக்கட்டுக் கழுவுகிறவ, பின்னேரங்களில் ஒரு வழக்கறிஞர் வீட்டிலும் வேலை. ஒரே மகள் அபிரா. அந்த வருடம் அவளுக்கு மத்தூரிதா.

குளிர்காலம் முடிகிற நேரம், பிந்திப் பழுக்கிற மண்டரின் வருகிற காலம். சிவநேசன் ஒரு பை நிறையப் பழத்தோடு கடைக்குள் வந்தார். மற்றக் கையில் குளித்துத் துவட்டுகிற துவாயால் சுற்றின ஒரு சாமான்.

"அக்கா, இது உங்களுக்கு," என்று பழத்தை வைத்தார். துவாயை மெல்ல அவிழ்த்தார். "இது பாக்கிறதுக்கு."

உள்ளே ஒரு கல்குலேற்றர் பெட்டி. மேலே ஒட்டின பிளாஸ்ரிக் தாள்கூட உரிக்கவில்லை.

"லண்டனில இருந்து தம்பி அனுப்பினவன். பிள்ளையின்ர சோதினைக்கு. உங்கட கடையில இப்பிடி ஒண்டு இருக்கோ?"

"இல்லைத் தம்பி."

"இருக்காது," என்றார் மிகுந்த திருப்தியோடு. "கலர் ஸ்கிரீன். கணக்கைக் குடுத்தா எழுத்தோட கிழுத்தோட அதுவே செய்து முடிச்சுப்போடும். மனிசன் தேவையில்லை."

"மனிசன் தேவையில்லையெண்டா பிள்ளையை ஏன் அனுப்புறியள்? இதையே பஸ்ஸில ஏத்தி விடுங்கோவன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் கண்ணாடியில் ஒட்டின தாளைக் காட்டினேன். "தானாக் கணக்குச் செய்யிறதை அங்கை விடமாட்டினம் தம்பி. பள்ளிக்கூடத்தில ஒருக்காக் கேளுங்கோ."

சிவநேசன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அக்கா, உங்கட கடையில வாங்காட்டி நீங்கள் உப்பிடித்தானே சொல்லுவியள்."

இதை நன்றாக மனதில் வையுங்கள். விற்கிற ஆள் "நல்லது, வாங்குங்கோ" என்றால் பொய் என்பார்கள். "வேண்டாம்" என்றால் பொறாமை என்பார்கள். நம்முடைய வாயிலிருந்து வருகிறதில் சனம் நம்புகிறது விலையை மட்டும்தான், அதையும் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

"பிள்ளை இதைப் பாவிச்சுப் பாத்தவவோ?" என்று கேட்டேன்.

"பாவிக்கிறதோ!" பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சாமியறையில சரஸ்வதிக்குப் பக்கத்தில வைச்சிருக்கு. உங்களுக்குக் காட்டத்தான் வெளியில எடுத்தனான். சோதினைக்கு முதல் நாள் நல்ல நேரம் பாத்துத்தான் திறக்கிறது. இப்ப கண்டபடி அமத்தினா பழுதாப் போடும் அக்கா."

அவருடைய பெருவிரலில் பெரிய கட்டு. என்ன என்று கேட்டேன்.

"தோட்டக்காரன் புதுக் கத்திரி வாங்கித் தந்தவன். ஜேர்மன் சாமானாம். முதல் மரத்திலையே விரலைப் பதம் பாத்திட்டுது. அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு என்ர பழசை எடுத்தனான். அது என்ர கைக்குப் பழகினது."

இதைச் சொன்ன அதே வாயால்தான், பிள்ளை தொடாத கல்குலேற்றரை சாமியறைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்று விடைபெற்றார்.

நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விரதம் விட்டதில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால், பில் சுருள் வைக்கிற இடத்தில், என்னுடைய சின்னப் பிள்ளையார் இருந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சிவநேசன் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். சரஸ்வதிக்கு வெண்தாமரை தேடினார். பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்து ஏறி, இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்த ரொசாலியாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினார். மேலே இருக்கிற எல்லோரிடமும் அனுமதி எடுத்துவிட்டார். கீழே, வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்தில் மட்டும் கேட்கவில்லை.

அபிரா எங்கள் கடைக்கு அடிக்கடி வருகிற பிள்ளை. பென்சிலும் கிராப் தாளும்தான் வாங்குவாள். அவளுடைய பழைய சயன்ரிபிக் கல்குலேற்றர் முன்பு எங்களிடம் வாங்கினது. முன் மூடியும் பின்பக்க ஆணி ஒன்றும் எப்போதோ தொலைந்துவிட்டன. பற்றரி விழாமல் இருக்கப் பின்பக்கத்தைத் தலைமயிர் கட்டுகிற ரப்பரால் சுற்றி வைத்திருப்பாள்.

"லண்டன் மெசின் எப்பிடிப் பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாயிருக்கு மாமி. விடிய எழும்பி நான் அதைக் கும்பிடுறன். அது என்னைப் பாக்குது."

"கிராப் எல்லாம்?"

"கையாலதான் கீறுறன்." சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டினாள். "மாமி, இந்தக் கணக்குப் பேப்பர் பிழைச்சா ஒரு வருசம் வீணாப் போடும். அம்மா படி கழுவுற கட்டிடத்தில இன்னொரு ஆள் தேவையாம். ஆரோ என்ர பேரை இப்பவே சொல்லி வைச்சிருக்கினம்."

வேறு எதைச் சொன்னாலும் சிரிக்கிற பிள்ளை இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அவள் பொறியியல் படிக்க ஆசைப்பட்டாள். ஆசையைச் சொல்லி நேர்த்தி வைக்கிற பிள்ளை இல்லை. பேசாமல் கிராப் தாள் வாங்குகிற பிள்ளை.

ஜூன் வந்தது. பரீட்சையின் முதல் நாள், இத்தாலியன் முடிந்த அன்று பின்னேரம். மத்தியானப் பூட்டுக்குப் பிறகு அப்போதுதான் கடை திறந்திருந்தோம். வெயில் தெருவைப் பொரித்துக்கொண்டிருந்தது. சிவநேசன் உள்ளே வந்தார், பின்னால் மங்கை, அவளுக்குப் பின்னால் அபிரா. சிவநேசனின் கையில் போன் இருந்தது, போனுக்குள் லண்டன் தம்பி இருந்தார். ஆக நாலு பேர்.

கல்குலேற்றரை மேசையில் வைத்தார்கள். அன்றுதான் அதை நான் பெட்டிக்கு வெளியே பார்த்தேன். திரையின் நட்டநடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், இடுப்பில் மஞ்சள் நூல். கல்யாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி இருந்தது.

"பொட்டைப் பாத்திட்டுத் தட்டி விட்டிட்டாங்கள் அக்கா!" சிவநேசன் குங்குமத்தைத் தொட்டுக் காட்டினார். "சைவப் பிள்ளையெண்டு தெரிஞ்சு விடுறாங்களில்லை!"

"அண்ணை, சும்மா விடாதையுங்கோ!" என்று போனுக்குள் இருந்து சத்தம் வந்தது. "அண்ணி வேலை செய்யிற வீட்டு லோயரைப் பிடியுங்கோ! கேஸ் போடுங்கோ! நான் இஞ்சை இருந்து எல்லாம் பாக்கிறன்!"

"மங்கை, இப்பவே லோயரிட்டைப் போவம், வா."

"அப்பா, பொட்டுக்கில்லை," என்றாள் அபிரா.

"நீ சும்மா இரு. உனக்கு உவங்களைத் தெரியாது."

"பொட்டுக்கில்லை அப்பா."

நான் மேசையைத் தட்டினேன். "தம்பி, உள்ளுக்கை இருந்து வந்தவ அவதானே. அவ கதைக்கட்டும்."

அபிரா என்னைப் பார்த்துச் சொன்னாள், தகப்பனுக்குக் கேட்க. கணக்குக்குக் கொண்டுவருகிற கல்குலேற்றர்களை முதல் நாளே வாங்கிப் பார்ப்பார்கள். பெயர் எழுதின பைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பார்த்தது ஒரு வயதான ரீச்சர்.

"அவ பொட்டைப் பாத்திட்டு வடிவா இருக்கெண்டுதான் சொன்னவ. ஆருக்கு வைச்சதெண்டு கேட்டவ. படிப்புக்கான சாமி எண்டு சொன்னன். எங்கட வகுப்பில அரைவாசிப் பேரின்ர கல்குலேற்றர் மூடிக்குள்ள சாந்த ரொசாலியா படம் ஒட்டியிருக்கு அப்பா, அவையளை ஆரும் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு ஓன் பண்ணிப் பாத்தவ. இது அட்சரகணிதத்தைத் தானே செய்யிது, இது கூடாதெண்டு தந்திட்டா. நாளைக்குக் காலமை வேற ஒண்டு கொண்டு வந்தா வாசலிலை வைச்சுப் பாக்கிறனெண்டவ."

எல்லோரும் போனைப் பார்த்தார்கள்.

"அண்ணை... லைன் கிளியரில்லை... பிறகு எடுக்கிறன்," என்று லண்டன் சொன்னது. திரை கறுப்பாகிவிட்டது. எவ்வளவு பெரிய நகரம், அந்த நேரம் பார்த்து அங்கே சிக்னல் போய்விட்டது.

சிவநேசன் கண்ணாடியில் ஒட்டின தாளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். வாசித்தாரோ தெரியாது. திரும்பி, "இருக்கிறதிலை பெரிசைத் தாங்கோ அக்கா," என்றார்.

சிஞ்ஞோராவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் "பெரிசு" என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அவவுக்கு விளங்கும். நான் திரும்புவதற்குள் ஏணி போட்டு ஏறி, பரீட்சைக்கு அனுமதியுள்ள கிராப் கல்குலேற்றரில் மிஞ்சியிருந்த கடைசிப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி மேசையில் வைத்துவிட்டா. இவ்வளவு நாளும் முழங்கால் வலி என்று என்னைத்தான் ஏணியில் ஏற்றினவ.

அபிராவின் கை அந்தப் பெட்டியின் மேல் போனது. கண்ணில் ஆசை இருந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை, வகுப்பில் எல்லோரும் வைத்திருக்கிற சாமான், நாளைக்கு அவள் மட்டும் இல்லாமல் இருக்கப்போகிறாள். ஆருக்கும் ஆசை வரும்.

இப்போது கவனியுங்கள், இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். முன்னால் காசை எடுத்துக்கொண்டு நிற்கிற தகப்பன். பக்கத்தில் முதலாளி. சாமான் அனுமதியுள்ளது, நல்ல சாமான், பொய் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் கடையில் வேலை செய்கிற ஆள் செய்யவேண்டியது பையை விரித்துப் பெட்டியைப் போடுவது. நானும் பையை விரித்துவிட்டேன். அப்போதுதான் அபிராவின் பள்ளிக்கூடப் பையின் பக்கப் பொக்கற்றில் அந்தத் தலைமயிர் ரப்பர் தெரிந்தது.

"பிள்ளை, நேற்றுச் செய்த கணக்கு ஒண்டை இதிலை செய்து காட்டு," என்றேன். அதே வகைக் கல்குலேற்றர் ஒன்று, சனம் பார்க்கிறதுக்கென்று, கவுண்டரில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தோம்.

அவள் அமத்தினாள். ஒரு பட்டியல் வந்தது. பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல். பின்னால் போக ஒன்றை அமத்த, திரையில் இருந்த இத்தாலியன் எல்லாம் மறைந்து எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு நாட்டுப் பாஷை வந்தது. அதிலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை.

"அதை அமத்து," என்றார் சிவநேசன். "அதில்லை, இது. பக்கத்தில இருக்கிறது. ஐயோ, மற்றது!"

தன் வாழ்க்கையில் ஒரு கல்குலேற்றரையும் தொடாத மனிதர். சிஞ்ஞோராவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஒன்றை அமத்தினா. கோடு கீறுகிறதுக்குப் பதிலாக அது தன்னை அணைத்துக்கொண்டது. அபிரா பொத்தான்களை மாறி மாறி அமத்தத் தொடங்கினாள்.

"விடுங்கோ அவளை," என்றாள் மங்கை. வந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் சொல்.

"அதை வைச்சிட்டு உன்ர பையில இருக்கிறதை எடு," என்றேன்.

எடுத்தாள். ரப்பரைச் சரி பார்த்தாள். ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் கணக்கை எழுதினாள், பிறகு பெருவிரல் ஓடத் தொடங்கியது. கண் தாளில் இருந்தது, கல்குலேற்றரைப் பார்க்கவே இல்லை. நம்முடைய பெண்கள் கதைத்துக்கொண்டே கீரை ஆய்வார்களே, அப்படி. எண்கள் வரவர தாளில் புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு கீறினாள். ஏறி, வளைந்து, இறங்கி, பிறகு நிலத்தைத் தொடாமலே நிலத்தோடு போகிற கோடு. எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கை நடுங்காமல் கீறினது விளங்கியது.

"உந்தப் பழஞ் சாமானோடையோ போறது?" சிவநேசனுக்கு அவமானம் தாங்கவில்லை. "எல்லாற்ற பிள்ளையளும் கலர்ல கீறேக்கை, என்ர பிள்ளை பல்லரோவில வெங்காயம் விக்கிறவன்ர மெசினோடையோ இருக்கிறது?"

"தம்பி, உங்கட விரல் காயம் மாறிட்டுதோ?"

"எந்த விரல்?"

"புதுக் கத்திரி வெட்டின விரல்."

அவர் பெருவிரலைப் பார்த்தார். குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு.

"ஜேர்மன் கத்திரியை எறிஞ்சுபோட்டுப் பழசை எடுத்தனானெண்டு இதே இடத்தில நிண்டுதான் சொன்னனீங்கள். ஏன் எடுத்தனீங்கள்?"

அவர் அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

"நாளைக்கு முதல் மரத்திலை அவவின்ர விரலையோ வெட்டப் போறியள்?"

நான் கொஞ்சம் கூடுதலாகக் கதைத்துவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு சிவநேசன் மகளிடம் திரும்பினார். குளிர்காலத்திலிருந்து ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"நீ என்ன சொல்லுறாய்?"

அபிரா பெரிய பெட்டியை ஒருமுறை பார்த்தாள். அதை மெல்ல சிஞ்ஞோராவின் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு இதுதான் அப்பா பழக்கம். கிராப்பைக் கையால கீறுவன். இவ்வளவு நாளும் அப்பிடித்தானே கீறினனான். சாமியறையில இருந்தது எனக்கு ஒரு கோடும் கீறித் தரேல்லையே."

மங்கை சிரித்துவிட்டாள். சிவநேசனுக்கும் வாய் கோணியது, ஆனால் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

"பொட்டாவது வைக்கலாமோ?" என்று கேட்டார். கேட்டது மகளிடம்.

"ஸ்கிரீனில வேண்டாம். பின்பக்கம் வையுங்கோ."

என்னுடைய பிள்ளையாருக்கு முன்னால் இருந்த குங்குமச் செப்பை எடுத்துக் கொடுத்தேன். ரப்பருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. சிவநேசன் கண்ணை மூடி, அந்தத் தழும்பு விரலால் ஒரு பொட்டு வைத்தார். இந்தக் கதையில் நான் எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறேன். அந்தப் பொட்டுக்குச் சிரிக்கவில்லை. நானும் கும்பிட்டேன்.

அவர்கள் புறப்படப்போகும்போது சிஞ்ஞோரா "ஒரு நிமிடம்" என்று கையைக் காட்டினா. பழைய கல்குலேற்றரை வாங்கி, ரப்பரை அவிழ்த்து, சின்ன முறுக்கியால் பின்பக்கத்தைத் திறந்தா. புதுப் பற்றரி போட்டா. பொட்டு அழியாமல் திருப்பி மூடினா. காசு கேட்கவில்லை. அவ காசு கேட்காமல் ஒரு சாமான் கொடுத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதைப் பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எனக்கு நினைவுபடுத்துவா. வாசல் மூடினதும் என்னைப் பார்த்து, "நீ சொந்தமாகக் கடை போட்டால் ஒரு கிழமையில் பூட்டுவாய்" என்றா. "அதனால்தான் சிஞ்ஞோரா, உங்களிடம் வேலை செய்கிறேன்" என்றேன்.

கோபமாகத்தான் இருந்தா. ஆனால் ஒன்று சொல்கிறேன். பெரிய பெட்டியைத் திருப்பி மேலே வைக்க ஏணியில் ஏறச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை. தானே ஏறி வைத்தா.

மறுநாள் காலையில் விளக்கேற்றினேன். பிள்ளையாரிடம் நீளமாக ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் மறிக்காமல் விடச் சொல்லிக் கேட்டேன். மிச்சம் அவள் பார்ப்பாள்.

விட்டார்கள். அந்த ரீச்சர் ரப்பரைப் பார்த்துச் சிரித்தாவாம், பின்பக்கப் பொட்டைப் பார்த்து "இவவும் வந்திருக்கிறாவா" என்று கேட்டாவாம். அபிரா பரீட்சையில் சித்தியடைந்தாள். ஊர் கூடி மாலை போடுகிற புள்ளி இல்லை. நல்ல புள்ளி. மங்கையின் கட்டிடத்தில் படிக்கட்டு கழுவ வேறு யாரையோ எடுத்தார்கள். அபிரா இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், அதே ரப்பரோடு.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். "பழகினதை விடாதே" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டிருப்பேன்.

பெறுபேறு வந்த கிழமை கோயிலில் சிவநேசன் பொங்கல் கொடுத்தார். எனக்கும் ஒரு கிண்ணம் தந்தார். தந்துகொண்டே பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னார்: "லண்டன் மெசின்ர அருள்தான். அதைக் கையில கொண்டு போகேல்ல, ஆனால் சாமியறையில இருந்து வேலை செய்தது." லண்டன் தம்பியும் அங்கே ஒரு கல்யாண வீட்டில், தான் அனுப்பின மெசினால்தான் பெறாமகள் பாஸ் பண்ணினவள் என்று சொன்னாராம். சிக்னல் திரும்பி வந்துவிட்டது போல.

அது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சரஸ்வதி எந்த வழியால் வருவா என்று எனக்கென்ன தெரியும். பொங்கலைச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. ஆனால் பற்றரி மாற்றினது சிஞ்ஞோரா.

அடுத்த மண்டரின் காலம் வந்தது. ஒரு தகப்பன் கடைக்கு வந்தார். "அபிரா பாஸ் பண்ணின மெசின் வேணும் அக்கா." அவள் வைத்திருந்த அதே வகைச் சின்ன சயன்ரிபிக் கல்குலேற்றரை எடுத்து வைத்தேன். நான் தன்னைத் திட்டினது போல என்னைப் பார்த்தார். "இதில்லை. இது." போனை நீட்டினார். போனில் ஒரு படம். சிவநேசன் வீட்டுச் சாமியறை. சரஸ்வதிக்குப் பக்கத்தில், மல்லிகை மாலை போட்டபடி, லண்டன் கல்குலேற்றர். அடுத்த கிழமை இன்னொருவர் வந்தார், அதே படத்தோடு. பிறகு ஒரு தாய், அவவின் போனிலும் அதுதான்.

"பரீட்சைக்கு அதை விடமாட்டார்கள்" என்று சொன்னேன். "ஓம் அக்கா, தெரியும்" என்றார்கள். தெரியுமாம்! ஒருவரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

சிஞ்ஞோரா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தா. நான் ஒரு கிழமையில் பூட்டுகிற ஆள், அவ பூட்டாமல் நடத்துகிற ஆள். அந்த மெசினில் மூன்றை எங்கிருந்தோ எடுப்பித்து மேல் தட்டில் வைத்துவிட்டா. பக்கத்தில் கண்ணாடித் தாளில் சுற்றின சின்னப் பிளாஸ்ரிக் மாலையும் வைத்தா, அது அவவின் சொந்த யோசனை.

அந்த மெசின்கள் இப்போதும் அங்கே இருக்கின்றன. நீங்கள் விற்கத்தான் வேண்டும், சம்பளம் அதில்தான் வருகிறது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏணியில் ஏறுவதற்கு முன்னால் மட்டும், முகத்தில் சிரிப்பு வராமல், மரியாதையாக ஒன்றைக் கேளுங்கள்.

"சாமியறைக்கோ, சோதினைக்கோ?"

சாமியறைக்கு என்றால் மேல் தட்டு, மாலையோடு கொடுங்கள். சோதினைக்கு என்றால் ஏணியைத் தொடாதீர்கள். பிள்ளை எங்கே என்று கேளுங்கள்.